குறையக் குறைய வளரும் காகிதம்

காலை நேரப் பயணிகள் ரயில் குழித்துறையைக் கடந்து பாறசாலை நிலையத்தை நெருங்கும்போது, கிழக்குப் பக்கச் சன்னலோரத்தில் இடம் கிடைத்தவர்கள் பேறு பெற்றவர்கள். முன்னால் தென்னந்தோப்புகள் கரும்பச்சையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் சூழ்ந்த குன்றுகள் சற்றே வெளிறித் தெரியும். அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் கலந்து எழும். கடைசி மடிப்பு எது, வானம் எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எல்லையோரக் கிளை ஒன்றில் பணியாற்றிய மூன்று ஆண்டுகளும் இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே அலுவலகம் சென்றேன். ஆனால், அதில் எத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர். வணிகவியல் படித்த எனக்கு, மதிப்பு என்ற சொல்லின் பொருளையும் அவரே இரண்டாம் முறையாகக் கற்பித்தார்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களின் இயல்பை முதலில் சொல்லிவிட வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் சந்தைக்குப் போகிறவர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போய்த் திரும்புகிறார். ஒரே வீட்டில் பாட்டி தமிழிலும் பேத்தி மலையாளத்திலும் பேசுவதை அங்கே யாரும் வியப்பாகக் கருதுவதில்லை.

பிளக் பாயிண்ட் கேட்ட பெண்மணி

ஒரு திங்கட்கிழமை, ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி பழைய வேட்டியில் சுற்றிய பெட்டி ஒன்றுடன் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். 40,000 ரூபாய் கடன் வேண்டும் என்றார். தொழில் என்ன என்று கேட்டேன். "பேப்பர் வெட்டுறது சாரே" என்றார். வேட்டியைப் பிரித்தபோது, ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரமுள்ள மரச்சட்டமும் அதனுள் வெள்ளைக் காகிதமும் தெரிந்தன. வெள்ளைமேல் வெள்ளை, ஏதோ மேடுபள்ளமாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் புலப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க பிளக் பாயிண்ட் உண்டா?" என்று கேட்டார்.

அச்சுப்பொறியின் இணைப்பைக் கழற்றிவிட்டு அவருடைய பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தோம். மறுகணம் அந்த வெள்ளைக்குள் ஒரு நாடு விரிந்தது. மலைக்குப் பின்னால் நிலவு. மலையடிவாரத்தில் ஆறு. ஆற்றின் படித்துறையில் துணி துவைக்கும் பெண்கள். அவர்களுக்கும் முன்னால், நமக்கு மிக அருகில், தென்னையில் பாதி உயரம் ஏறி நிற்கும் ஒரு மனிதர். காசாளர் முன் வரிசையில் நின்றவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். எட்டுத் தாள்களை வெட்டி, ஒன்றன்முன் ஒன்றாக இடைவெளி விட்டு நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்த ஒளிப்பெட்டி அது.

பெட்டி உருவாகும் விதம்

கடன் விண்ணப்பத்தை ஆராய்வதற்காக அவருடைய வீட்டுக்குச் சென்றபோது, வேலை நடக்கும் முறையை அருகிலிருந்து பார்த்தேன். ஆர்வமுள்ள வாசகர்கள் வீட்டிலேயே முயன்று பார்க்கக்கூடிய கலை இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் முழுப் படத்தையும் ஒரே தாளில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு எது தொலைவில், எது நடுவில், எது அருகில் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். தொடக்கநிலையினருக்கு நான்கு அடுக்குகள் போதும். பழகியவர்கள் எட்டு, பத்து என்று போவார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒரே அளவுள்ள தனித்தாள். அதன் நான்கு ஓரங்களும் வெட்டுப்படாமல் சட்டம்போல் நிற்கும். முன்னடுக்கில் நடுவிலுள்ள திறப்பு பெரியது. பின்னே போகப்போகத் திறப்பு சிறுத்துக்கொண்டே வரும். விளக்குக்கு மிக அருகிலுள்ள கடைசித் தாளில் நிலவுக்கு மட்டும் ஒரு வட்டத் துளை இருக்கும்.

தாள் 200 முதல் 300 ஜி.எஸ்.எம். தடிமன் உள்ளதாக இருந்தால் நல்லது. அதைவிட மெல்லியதாயின் வளையும். தடித்ததாயின் கத்தியும் விரலும் சோர்ந்துபோகும். கூர்முனைக் கத்தியும், வெட்டுத்தழும்பு விழாத விரிப்பும் வேண்டும். உள்ளே இருக்கும் மிகச் சிறிய துளைகளை முதலில் வெட்டி, பெரிய திறப்புகளைக் கடைசியாக வெட்ட வேண்டும். பெரியதை முதலில் வெட்டிவிட்டால் தாள் வலுவிழந்து, சிறிய வேலையின்போது கிழியும். வளைவுகளை வெட்டும்போது கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். முனை மழுங்கிய கத்தி வெட்டாது, பிய்க்கும். ஆகவே முனையை மாற்றுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வெட்டிய தாள்களுக்கு நடுவே ஃபோம் போர்டைக் கீற்றுகளாக அறுத்து ஓரங்களில் ஒட்டினால் சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். ஆழம் என்ற மாயம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. இறுதியில், கடைசித் தாளுக்குப் பின்னால் ஒளியைப் பரப்புவதற்காக ஒரு பட்டர் பேப்பரும், அதற்குப் பின்னால் எல்.இ.டி. பட்டியும் வைத்து மூடிவிட்டால் பெட்டி தயார்.

இதில் ஒளியின் கணக்கு ஒன்று இருக்கிறது. நிலவுத் துளையில் ஒளி தடையின்றி வருகிறது. கடைசி மலையை அது ஒரு தாளைக் கடந்து அடைகிறது. நடுக்குன்றுக்கு மூன்று தாள்களையும், முன்னால் நிற்கும் தென்னைக்கு எட்டுத் தாள்களையும் கடக்க வேண்டும். ஆகவே தென்னை கறுத்தும் மலை வெளுத்தும் தெரிகின்றன. எல்லாம் ஒரே வெள்ளைத் தாள். வண்ணம் ஒரு துளிகூட இல்லை. ரயில் சன்னலில் நாம் பார்க்கும் மலை வெளிறித் தெரிவதற்குக் காரணம் வேறு. நமக்கும் மலைக்கும் நடுவிலுள்ள காற்று, சூரிய ஒளியைச் சிதறடித்து, தொலைவு கூடக்கூட நீல ஒளியை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே வருகிறது. இயற்கை ஒளியைக் கூட்டிக் காட்டுவதை, காகிதம் ஒளியைக் கழித்துக் காட்டுகிறது. கண் இரண்டையும் ஒன்றாகவே படித்துக்கொள்கிறது.

தனியே நிற்க முடியாது

இந்தக் கலையின் அடிப்படை விதி ஒன்றுதான்: தாளில் எஞ்சியிருக்கும் எந்தப் பகுதியும் மற்றவற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். வானத்தில் ஒரு பறவையைத் தனியாக வெட்டினால் அது கீழே விழுந்துவிடும். ஆகவே பறவையின் சிறகு நுனி மரக்கிளையைத் தொட வேண்டும். மனிதரின் தோள் சுவரைத் தொட வேண்டும். இப்படி இணைக்கும் மெல்லிய காகித இழையை அந்தப் பெண்மணி "பாலம்" என்று அழைத்தார். பாலம் இருப்பது பார்ப்பவர் கண்ணில் படக் கூடாது. ஆனால் அது இல்லாமல் படம் நிற்கவும் கூடாது. படம் வரைவதைவிடப் பாலங்களை எங்கே ஒளித்துவைப்பது என்று யோசிப்பதற்கே தமக்கு அதிக நேரம் ஆகிறது என்றார்.

களியக்காவிளைச் சந்தையையும் பாறசாலைப் பக்கத்து வயல்களையும் ஒரே பெட்டிக்குள் அவர் வைத்திருந்தார். "எல்லையை எங்கே காட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் வெட்டினா தாள் ரெண்டாப் போவும் சாரே. பிறகு படம் எங்க இருக்கும்?" என்றார். தொழில்நுட்பம் பற்றித்தான் அவர் விடை சொன்னார். நான்தான் அதை நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒளியும் துளையும்: நம் மரபு

இவருக்கு இந்தக் கலையை யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை. இளமையில் கிறிஸ்துமஸ் காலத்துக்கு முன்பு, கடைக்காரர் ஒருவருக்காகக் கூலிக்கு நட்சத்திரம் வெட்டியவர். எல்லையோர ஊர்களில் டிசம்பர் மாதம் வாசல்தோறும் தொங்கும் காகித நட்சத்திரங்களை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அட்டையில் துளைகளை வெட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கிட்டவை. அதே ஊர்களில் கோயில் விழாவுக்கும் குருத்தோலை ஞாயிற்றுக்கும் தென்னங்குருத்தைக் கீறியும் மடித்தும் அலங்காரம் செய்வோர் இருக்கிறார்கள். கீறுதல், மடித்தல், வெற்றிடத்தை வடிவமாக்குதல் ஆகியவை காகிதம் வருவதற்கு முன்பே நம் கைகளுக்குத் தெரிந்தவை.

தோல்பாவைக்கூத்தும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பதப்படுத்திய தோலில் நகைகளும் ஆடைகளும் நுண்துளைகளாகவே அமைகின்றன. பின்னால் எரியும் விளக்கு அவற்றுக்கு உயிரூட்டுகிறது. கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி நடத்தப்படும் பாவைக்கூத்துக்கு அடிப்படை கம்பராமாயணம். மலையாள மண்ணில் தமிழ்ப் பாடல் ஒலிக்க, அதன் நிழல் திரையில் விழுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு அருகிலிருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றவர்கள், மர அழிகளின் வழியே தரையில் விழும் ஒளிக்கோலத்தை மறந்திருக்க மாட்டார்கள். அங்கும் மரத்தில் இல்லாத பகுதிதான் தரையில் ஓவியமாகிறது.

வடக்கே மதுராவிலும் பிருந்தாவனத்திலும் வழங்கும் சாஞ்சிக் கலையில், தாளை நுண்ணிய கத்தரியால் வெட்டி அச்சுத்தாள் ஆக்குகிறார்கள். அதைத் தரையிலோ நீர்ப்பரப்பிலோ வைத்து வண்ணப்பொடி தூவிக் கண்ணனின் கதைகளை வரைவது வைணவக் கோயில் மரபு. ஒரே படத்துக்கு ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி அச்சுத்தாள் வேண்டியிருப்பதால், அதுவும் ஒருவகை அடுக்குக் கலைதான். 2022ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த குவாட் மாநாட்டின்போது, நம் பிரதமர் அமெரிக்க அதிபருக்கு அளித்த பரிசு ஒரு சாஞ்சிப் படைப்பாகும்.

உலகெங்கும் ஒரே கத்தி

காகிதம் பிறந்த சீனத்தில், துர்ஃபான் அருகே கண்டெடுக்கப்பட்ட காகித வெட்டுகள் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சீனத்தின் இக்கலை 2009இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. போலந்தின் வோவிச் பகுதியில் வண்ணத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மலர்களும் சேவல்களும் ஆக்குவார்கள். இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற மூதாட்டி 1772இல், தமது 72ஆம் வயதில், நூற்றுக்கணக்கான காகிதத் துணுக்குகளை அடுக்கி ஒரு மலரை அச்சு அசலாக ஆக்கத் தொடங்கினார். பார்வை மங்கும்வரை சுமார் பத்தாண்டுகள் உழைத்து அவர் செய்த 900க்கும் மேற்பட்ட படைப்புகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

நம் ஒளிப்பெட்டிக்கு நேரடி மூதாதை என்று சொல்லத்தக்கது 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மார்ட்டின் எங்கெல்பிரெக்ட் என்பவர் வெளியிட்ட காட்சி அட்டைகள். வெட்டிய அட்டைகளை வரிசையாக ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, முன்னாலிருந்து பார்த்தால் நாடகமேடை போலத் தெரியும். 1843இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது, அதன் நினைவாக விற்கப்பட்ட மடிப்புக் காட்சிப் புத்தகங்களும் இதே வகை. நம் காலத்தில் ஹரிகிருஷ்ணன் பணிக்கர், தீப்தி நாயர் என்ற இந்தியத் தம்பதியர் அமெரிக்காவின் டென்வர் நகரில் வாழ்ந்தபோது உருவாக்கிய வெள்ளைக் காகித ஒளிப்பெட்டிகள், இந்த வடிவத்தை உலகம் முழுவதும் அறியச் செய்தன.

இவர்கள் அனைவரையும்விட என்னை அசைத்தவர் சாந்திநிகேதனின் பினோத் பிகாரி முகர்ஜி. 1904இல் பிறந்த இவருக்குச் சிறுவயது முதலே பார்வை குறைவு. 1956இல் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வையை முற்றிலும் இழந்தார். தூரிகை பிடித்த கை அதன்பிறகு வண்ணத்தாள்களை எடுத்தது. தாளின் ஓரத்தை விரலால் தடவி வடிவத்தை அறிந்து, வெட்டி, அடுக்கி ஒட்டினார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். கேரளத்தில் பிறந்த ஓவியர் கே. ஜி. சுப்ரமணியனும் அவருடைய மாணவரே. ஓவியத்தைக் கண்ணால் மட்டுமே காண முடியும். காகித வெட்டை விரலாலும் காணலாம்.

நான் செய்த கணக்குப் பிழை

இனி என் தவறுக்கு வருகிறேன். விண்ணப்பத்துக்கான அறிக்கையை எழுத அமர்ந்தபோது, ஒரு பெட்டியின் அடக்கவிலையை இப்படிக் கணக்கிட்டேன்: தாள் 100 ரூபாய், ஃபோம் போர்டும் பசையும் 120, கத்தி முனைகள் 80, மரச்சட்டம் 350, விளக்கும் அடாப்டரும் 250. ஆக மொத்தம் 900 ரூபாய். அவர் விற்கும் விலை 3,500 ரூபாய். "900 ரூபாய்ப் பொருளுக்கு 2,600 ரூபாய் இலாபம்; விலை மிகை, சந்தை நிலைக்காது" என்று எழுதிவிட்டேன். எழுதியதை அவரிடம் வாசித்தும் காட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். எந்தப் பெட்டிக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது தேதிவாரியாக அதில் எழுதப்பட்டிருந்தது. கத்தி தவறிக் கெட்டுப்போன தாள்களும் கணக்கில் இருந்தன. சராசரியாக ஒரு பெட்டிக்கு 30 மணி நேரம். மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தாலும் உழைப்பு மட்டும் 2,400 ரூபாய். 900ஐக் கூட்டினால் 3,300. உண்மையான மிகுதி 200 ரூபாய். அடக்கவிலைக் கணக்கியல் படித்துத் தேர்ச்சி பெற்ற நான், கூலி என்ற வரியையே விட்டுவிட்டிருந்தேன். வீட்டில் அமர்ந்து ஒரு பெண் செய்யும் வேலை என்பதனால் அந்த வரி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

இன்னொரு கணக்கும் அன்று விளங்கியது. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் 16இல் ஒரு பங்கு. 240 ஜி.எஸ்.எம். தாளாக இருந்தால் ஒன்று 15 கிராம். எட்டுத் தாள்கள் 120 கிராம். அதில் ஏறக்குறையப் பாதி வெட்டுத்துணுக்குகளாகக் குப்பைக்குப் போகிறது. எந்தத் தொழிலிலும் கையிருப்புப் பொருள் குறைந்தால் மதிப்பும் குறையும் என்றே படித்திருக்கிறோம். இங்கே பொருள் குறையக் குறைய மதிப்பு வளர்கிறது. எதை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்த கைக்குத்தான் அந்த மதிப்பு உரியது.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 40,000 ரூபாய் வழங்கப்பட்டது. அவர் மாதத் தவணையை ஒழுங்காகச் செலுத்திவந்தார், ஒரே ஒரு மாதம் தவிர. அந்த ஆடி மாத மழையில் காகிதம் ஈரம் உறிஞ்சி நெளிந்து, விற்பனைக்கு வைத்திருந்த நான்கு பெட்டிகள் பாழாயின. ஒரு வாரம் தாமதமாக வந்து பணம் கட்டினார். அதன்பிறகு பெட்டியின் பின்புறத்தை நாடாவால் இறுக மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கத் தொடங்கினார். நம் கடலோர ஈரக்காற்றில் இந்தக் கலையைத் தொடங்குவோர் அனைவரும் முதல் நாளிலேயே கொள்ள வேண்டிய பாடம் இது.

கைவினைஞர்கள் கவனத்துக்கு

வீட்டிலிருந்து கைவேலை செய்யும் வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள். முத்ராவின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையரகம் வழங்கும் 'பெஹச்சான்' கைவினைஞர் அடையாள அட்டையைப் பெற்றுக்கொள்வது கண்காட்சிகளில் பங்கேற்க உதவும். 2023இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு உரியது. பொம்மை செய்வோரும் மாலை தொடுப்போரும் அதில் அடங்குவர். காகித வெட்டுக்கலை அந்தப் பட்டியலில் இல்லை. எந்தக் கடனுக்கு விண்ணப்பித்தாலும், உழைத்த மணிகளைத் தேதியோடு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை உடன் கொண்டு வாருங்கள். எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரி என்னைப் போன்றவராக இருக்கக்கூடும்.

அந்தக் கிளையிலிருந்து மாறுதல் பெற்றுப் புறப்படும் முன், ஒரு பெட்டி வாங்கினேன். "சாருக்கு ஆயிரம் குறைச்சுத் தாறேன்" என்றார். எந்த வரியில் குறைப்பது என்று அவரிடமே கேட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிரித்தபடி முழு விலையையும் வாங்கிக்கொண்டார்.

இப்போது எப்போதாவது அந்தப் பாதையில் ரயிலில் போக நேர்ந்தால், கிழக்குப் பக்கச் சன்னலைத் தேடி அமர்கிறேன். வெயில் காலத்து மூட்டத்தில் நான்கு அடுக்குகளுக்குமேல் தெரிவதில்லை. சென்ற மாதம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பாறசாலைக்குச் சற்று முன்பு, ஏழு அடுக்குகள் எண்ணினேன்.